கண்டல் காட்டின் வயது

கேள்வி: மட்டக்களப்பு வாவிக் கரையில் நிற்கும் கண்டல் மரங்களின் வயதை எப்படி அறிவது?

பதில்: வெட்டி வளையம் எண்ணலாம் என்று நினைக்காதீர்கள். இந்தக் காட்டு மரங்களில் ஒன்றான வெண்கண்டலின் வளையங்கள் ஆண்டுக்கு ஒன்றாக விழுவதில்லை. மரம் போனதுதான் மிச்சம். அதற்குப் பதில் காடு முழுவதையும் பாருங்கள். கண்டல் என்றே பெயருள்ள மரத்தின் காய் தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல் தொங்கி, விழுந்து சேற்றில் ஊன்றும். அந்த நாற்றும் இளமரமும் முதுமரமும் கலந்து நின்றால் காடு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. 2004 சுனாமிக்குப் பின் இலங்கைக் கரைகளில் கண்டல் நட்டார்கள்; வரிசையாய் நட்டவை ஒரே வயதாகவே நிற்கும். பருமனை மட்டும் நம்பவேண்டாம். விறகுக்கு வெட்டிய வெண்கண்டல் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஒல்லித் தண்டுக்குக் கீழே கிழட்டு வேர் இருக்கலாம். காய் தொங்கும் அந்தக் கண்டலோ, முதிர்ந்தபின் அடியோடு வெட்டினால் பெரும்பாலும் துளிர்ப்பதில்லை.