மழைக்கு முன்: ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள், வாளியைக் கவிழ்த்து வையுங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதன் பின்னாலேயே டெங்குவும் வரும். மழைக்கு முன் மொட்டை மாடியைப் பெருக்குகிறோம். பழைய டயர், கொட்டாங்கச்சி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துகிறோம். குளியலறையை மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சென்ற மழைக்காலத்தில் காய்ச்சல் கண்ட வீடுகளில் மறுபடி மறுபடி பார்த்தது இதைத்தான்: ஒழுகும் குழாய், அதன் அடியில் ஒரு வாளி.

முதலில் குழாய்

1. தொட்டியிலிருந்து குளியலறைக்கு வரும் கேட் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீரை வடிய விடுங்கள்.
2. தரையிலுள்ள வடிகால் ஓட்டையைத் துணியால் அடையுங்கள். திருகு உள்ளே போனால் திரும்பக் கிடைக்காது.
3. கைப்பிடியைக் கழற்றுங்கள். குழாயின் தலைப்பகுதியில் துணி சுற்றி, ஸ்பேனரால் இடப்பக்கம் திருப்பி எடுங்கள்.
4. கழற்றியெடுத்த ஸ்பிண்டிலின் அடியில் ரப்பர் வாஷர் இருக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோய் ஹார்டுவேர் கடையில் அதே அளவில் வாங்குங்கள். கால் சுற்றில் திறக்கும் குழாயென்றால் வாஷர் இருக்காது. ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும்.
5. வாஷர் உட்காரும் இடத்தில் போர் தண்ணீரின் உப்பு படிந்திருந்தால் சுரண்டித் துடையுங்கள். அந்த இடமே அரித்துப் போயிருந்தால் புது வாஷரும் நிற்காது; குழாயை மாற்றுங்கள்.
6. பூட்டிவிட்டு வால்வை மெல்லத் திறந்து பாருங்கள். சுவரோரம் கசிந்தால் வால்வை மறுபடி மூடி, குழாயைக் கழற்றி, மரையில் டெஃப்லான் டேப் சுற்றி மாட்டுங்கள்.

வேலை இவ்வளவுதான். அரை மணி நேரம் போதும்.

இனி வாளி

"நல்ல தண்ணீர்தானே, வீணாகக் கூடாதென்று பிடித்து வைத்தோம்" என்கிறீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவதே அந்த நல்ல தண்ணீரைத்தான். பழியையெல்லாம் சாக்கடை மேல் போடுகிறோம். கொசு வளர்வது நம் வாளியில்.

இன்றே டார்ச் அடித்துப் பாருங்கள். நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கும் மெல்லிய புழுக்கள், வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடிக்கு இறங்கும். நீர்மட்டத்தை ஒட்டிய உட்சுவரில் மிளகுத்தூள் போலக் கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை முட்டைகள். தண்ணீரைக் கொட்டினால் அவை போகாது. காய்ந்த வாளியிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும். நார் போட்டு உட்சுவர் முழுவதும் அழுத்தித் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வையுங்கள்.

மேலே மோந்து குளித்துவிட்டு அடித்தண்ணீரை அப்படியே விடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: புழு இருப்பது அங்கேதான். முட்டை கொசுவாக மாற நம் ஊர் வெயிலில் ஏழெட்டு நாள், மிஞ்சினால் பத்து நாள். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு தேயுங்கள். கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவர் எப்போதோ ஒருமுறை வருகிறார். உங்கள் குழாய் இரவும் பகலும் சொட்டுகிறது.

குழாயை நீங்களே சரிசெய்ய முடியாவிட்டால், பிளம்பர் வரும்வரை என்ன செய்வது? குளித்து முடித்ததும் கேட் வால்வை மூடுங்கள். ஒழுகும் குழாயடியில் வாளி வைக்காதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், வைக்காதீர்கள்.

காய்ச்சல் வந்துவிட்டால்

ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். டெங்குவில் அவை ரத்தக்கசிவைக் கூட்டும். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். காய்ச்சல் இறங்கியதும் நோய் விட்டதென்று இருந்துவிடாதீர்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் எல்லாம் பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டும். அந்த நேரத்தில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.