சர்வோவுக்கு எந்தப் பேட்டரி?

சங்கரன்கோவிலில் பள்ளிக் கண்காட்சிக்கு ரோபோ செய்யும் பிள்ளைகள் முதலில் வாங்குவது பெரும்பாலும் 9 வோல்ட் பேட்டரியைத்தான். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிறது, ஆர்டுயினோ போர்டும் அதில் ஓடுகிறது. ரோபோவின் கைகாலை அசைக்கும் சர்வோ மோட்டாரை மாட்டியதும் அது இரண்டு தரம் நடுங்கி நின்றுவிடும். போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். உடனே புரோகிராமில் தப்பு தேடுவார்கள். தப்பு இருப்பதோ பேட்டரியில். அதற்குள் இருப்பவை ஆறு குட்டி செல்கள், 500 எம்ஏஎச் சொச்சம். அரை ஆம்பியர் கேட்டாலே வோல்டேஜ் சரிந்துவிடும். மல்டிமீட்டருக்கு அது போதும், சர்வோவுக்கு ஆகாது.

எனவே முதல் வேலை, சர்வோவின் ஸ்டால் கரண்டைப் பார்ப்பது. தண்டு சுழல முடியாமல் மாட்டிக்கொண்டு நிற்கும்போது மோட்டார் இழுக்கும் மின்சாரம் அது. போன கரண்ட் வந்ததும் தெருவின் விசைத்தறிகள் ஒரே நேரத்தில் கிளம்பினால் வீட்டு பல்பு மங்கும் அல்லவா, சர்வோவிலும் அதே கதைதான்: கிளம்பும் கணத்தில் மோட்டார் ஏறக்குறைய ஸ்டால் அளவுக்கே இழுக்கும். நீல நிற எஸ்ஜி90க்கு இது சுமார் 0.7 ஆம்பியர். உலோகப் பல்சக்கரம் கொண்ட எம்ஜி996ஆர், 6 வோல்ட்டில் 2.5 ஆம்பியர்.

இனிக் கூட்டுங்கள். தோளுக்கும் முழங்கைக்கும் எம்ஜி996ஆர், மணிக்கட்டுக்கும் பிடிப்பானுக்கும் எஸ்ஜி90 வைத்த ஒரு ரோபோ கை என்றால் 2.5 + 2.5 + 0.7 + 0.7, மொத்தம் 6.4 ஆம்பியர். நான்கும் ஒருசேர மாட்டிக்கொள்வது அரிது. ஆனால் ஸ்விட்ச் போட்டதும் நான்கும் ஒருசேரத் துள்ளும். அதனால் முழுக் கூட்டுத்தொகையையே கணக்கில் வையுங்கள்.

அடுத்து வோல்டேஜ். எஸ்ஜி90க்கு 4.8 முதல் 6 வரை. எம்ஜி996ஆர் இன்னும் கொஞ்சம் தாங்கும். இரண்டும் கலந்திருந்தால் 5 வோல்ட்டில் நிறுத்துவதே நல்லது.

இப்போது பேட்டரி. எஸ்ஜி90 ஒன்றிரண்டுதான் என்றால் ரீசார்ஜ் ஆகும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ செல் நான்கு போதும், 4.8 வோல்ட், தொல்லையில்லாத பேட்டரி. 2 ஆம்பியர் தரும் பவர் பேங்கும் ஓட்டும், ஆனால் சர்வோக்கள் சும்மா இருக்கும்போது சில பவர் பேங்குகள் தானாக அணைந்துவிடும்.

நகரும் பெரிய ரோபோவுக்கு இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. 2200 எம்ஏஎச், 25சி என்று அட்டையில் இருந்தால் 2.2 ஐ 25ஆல் பெருக்குங்கள்: காகிதக் கணக்கில் 55 ஆம்பியர். அதில் பாதி உண்மையென்றாலும் நமக்குத் தாராளம். ஆனால் முழு சார்ஜில் அது 8.4 வோல்ட், நேராகக் கொடுத்தால் சர்வோ கருகும். நடுவில் 5 வோல்ட்டுக்கு இறக்கும் பக் மாட்யூல் வேண்டும். பெரிய சர்வோ இரண்டுக்கும் 5 ஆம்பியர் மாட்யூல் ஒன்று, சிறியவற்றுக்கு 3 ஆம்பியரில் தனியாக இன்னொன்று என்று பிரித்துவிடலாம். சராசரியாக 1.5 ஆம்பியர் இழுத்தால் ஒன்றரை மணி நேரம் ஓடும். லிப்போவுக்குப் பதில் 18650 லித்தியம் செல் வாங்குவோர் ஒன்றைக் கவனியுங்கள்: 9900 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தால் அது பொய். நல்ல செல்லே 3500ஐ ஒட்டித்தான் நிற்கும்.

ரோபோ கை மேசையிலேயே நிற்கப் போகிறதா? பேட்டரியே வேண்டாம். பிக்சல் எல்இடி போர்டுகளுக்குப் போடும் 5 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் ஒன்று எல்லாக் கவலையையும் தீர்க்கும். 230 வோல்ட் பக்கத்து வயரிங்கை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். கண்காட்சியில் பிளக் கிடைக்காதென்றால், எமர்ஜென்சி லைட்டில் இருக்கும் 6 வோல்ட், 4.5 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கும். முக்கால் கிலோ எடை. நடக்கும் ரோபோவுக்குச் சுமை, நிற்கும் ரோபோவுக்கோ கவிழாமல் பிடிக்கும் அடித்தளம். இந்தப் பேட்டரிக்கும் எஸ்ஜி90க்கும் நடுவே மட்டும் ஒரு டயோடு போட்டு வோல்டேஜைக் கொஞ்சம் இறக்குங்கள்.

எதை வாங்கினாலும் சர்வோவின் சிவப்பு வயரை ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னில் சொருகாதீர்கள். பேட்டரியிலிருந்து தனியாக வரட்டும்; லிப்போ என்றால் பக் மாட்யூல் வழியாக. பேட்டரியின் மைனஸும் ஆர்டுயினோவின் கிரவுண்டும் கட்டாயம் சேர வேண்டும், இல்லையென்றால் சிக்னல் புரியாமல் சர்வோ தறிகெட்டு ஆடும். சர்வோ லைனில் 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெபாசிட்டர் ஒன்றை முனை மாறாமல் போட்டால் நடுக்கம் பாதி அடங்கும்.

லிப்போ வாங்குவோர் பாலன்ஸ் சார்ஜரையும் சேர்த்தே வாங்குங்கள். செல்லுக்கு 3.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள்; எடுத்து வைக்கும்போது 3.8இல் வையுங்கள். சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பேக் உப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. சார்ஜருக்குக் காசு இல்லையென்றால் லிப்போவைத் தொடாமல் ஏஏ செல்லோடு நில்லுங்கள்.