கண்ணாடி பூத்தால் ஜன்னலையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: உத்திரமேரூரை ஒட்டிய கிராமத்தில் எங்கள் வீடு. கட்டி ஏழெட்டு வருடம் ஆகிறது. ஜன்னல் எல்லாமே யூபிவிசி. மேற்குப் பார்த்த படுக்கையறைக்கு ஏசி வைப்பதால் அங்கே மட்டும் இரட்டைக் கண்ணாடி போட்டோம். இப்போது அந்த இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் புகை படிந்தாற்போல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. எந்தப் பக்கம் துடைத்தாலும் போகவில்லை. அதே ஜன்னலில் ஹேண்டில் பாதியில் நின்றுவிடுகிறது, பூட்ட முடிவதில்லை. ஹாலில் இருக்கும் ஸ்லைடிங் ஜன்னலின் லாக்கும் சரியாக மாட்டுவதில்லை. பார்க்க வந்தவர், “இதற்கெல்லாம் பார்ட்ஸ் கிடைக்காது, முழுசாக மாற்றிவிடுங்கள்” என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், உத்திரமேரூர் வட்டம்

பதில்: வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கெட்டிருப்பது ஒரு கண்ணாடி. சரிசெய்ய வேண்டியவை இரண்டு பூட்டு. சட்டத்தைப் பற்றி நீங்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. ஓட்டு வீட்டு ஜன்னலில் கொண்டி கழன்றால் ஆசாரி கொண்டியை மட்டும் மாற்றுவார், மழையில் கதவு உப்பினால் ஓரத்தை இழைத்துவிட்டுப் போவார். நிலையைப் பெயர்த்தெடுக்கச் சொல்லமாட்டார். யூபிவிசி ஜன்னலும் இப்படித் தனித்தனியாகக் கழற்றி மாட்டும் உறுப்புகளால் ஆனதுதான். பார்ப்பதற்கு ஒரே வார்ப்பாகத் தெரிவதால் ஒன்று கெட்டால் எல்லாம் கெட்டது என்று நம்பிவிடுகிறோம். இதைவிட முக்கியமான விஷயம் இன்னொன்று. கண்ணாடி பூப்பது, பூட்டு இறுகுவது இரண்டுமே பெரும்பாலும் ஜன்னலின் அடிப்பகுதியில்தான் தொடங்குகின்றன: அங்கே தேங்கும் தண்ணீரும், படியும் தூளும், இறங்கிப்போன கதவும்தான் காரணம். அதைத் திருத்தாமல் புது ஜன்னல் வைத்தால், புது ஜன்னலுக்கும் சில வருடத்தில் இதே கதிதான்.

முதலில் கண்ணாடியைப் பார்ப்போம். இரட்டைக் கண்ணாடி என்பது இரண்டு தகடுகளைச் சும்மா அருகருகே நிறுத்தியது இல்லை. இரண்டுக்கும் நடுவே ஓரம் முழுக்க ஓர் அலுமினியப் பட்டை ஓடும், ஸ்பேஸர் என்பார்கள். அது உள்ளே குழலாக இருக்கும். அதற்குள் ஈரம் உறிஞ்சும் சிறு மணிகள் நிரப்பியிருக்கும். பட்டை கண்ணாடியோடு ஒட்டும் இடத்தில் பியூட்டைல் பசை, அதற்கு வெளியே பாலிசல்ஃபைடு அல்லது சிலிகான் என்று இரண்டு அடுக்கு அடைப்பு. அடைப்பு எங்கேயாவது விட்டுவிட்டால் வெளிக்காற்றின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். மணிகள் தாங்கும்வரை உறிஞ்சிக்கொள்ளும். அவை நிறைந்த பிறகு வரும் ஈரம் கண்ணாடியின் உள்முகத்தில் படியும். உலர்ந்து உலர்ந்து படிவதில் வெள்ளைக் கறை நின்றுவிடும். உங்கள் ஜன்னல் இந்தக் கட்டத்தில் இருக்கிறது. ஏசி ஓடிய அறையில் விடியற்காலையில் கண்ணாடியின் வெளிமுகத்தில் பனி போலப் படிவது வேறு. அது குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிவது. வெளியே துடைத்தால் போய்விடும், வெயில் ஏறினால் தானே மறையும். அதைப் பழுதென்று எண்ணிச் செலவு செய்யக் கூடாது.

அடைப்பு ஏன் விட்டது? உங்கள் ஊர்ப்பக்கத்தில் இதற்கு இரண்டு காரணம் வலுவானவை. ஒன்று மேற்கு வெயில். மூடிய இடத்தில் அடைபட்ட காற்று 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஏறும். சித்திரை, வைகாசியில் மாலை நாலு மணிக்கு மேற்குக் கண்ணாடி கையை வைக்க முடியாமல் கொதிக்கும். இரவில் ஏசி அதைக் குளிர்விக்கும். நாள்தோறும் உள்ளே இருக்கும் காற்று விரிவதும் சுருங்குவதுமாக ஓரத்து அடைப்பைப் பிதுக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது காரணம் தண்ணீர். இதைத் தடுப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. யூபிவிசி சட்டத்துக்குள் மழைநீர் புகவே புகாது என்று நினைப்பவர்கள் உண்டு. புகும். புகும் நீர் வெளியேறத்தான் சட்டத்தின் அடியில் வெளிப்பக்கமாகச் சிறு நீள்துளைகள் வைத்திருக்கிறார்கள். அவை அடைந்தால் கண்ணாடியின் அடி ஓரம் வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறும். அதைத் தாங்கும்படி அந்தப் பசை செய்யப்படவில்லை.

உத்திரமேரூர் வட்டத்தில் அந்தத் துளை அடைவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கல்குவாரியும் கிரஷரும் உள்ள பகுதி; லாரி ஓடும் சாலையோர வீடுகளில் ஜன்னல் அடியில் மாவாகத் தூள் படிகிறது. அதில் முதல் மழை பட்டால் சேறு, அடுத்த வெயிலில் கல். மண் குளவி அந்தத் துளையைத் தனக்கென்றே வைத்ததாக எண்ணிக் கூடு கட்டும். பூச்சு வேலை செய்தவர் சிமென்ட் பாலை வழித்துவிட்டிருப்பார், பெயின்ட் அடித்தவர் ஓட்டை என்று நினைத்துச் சிலிகான் வைத்து அடைத்திருப்பார். சோதிப்பது சுலபம்: ஜன்னலைத் திறந்து அடிச் சட்டத்தில் ஒரு குவளை தண்ணீர் விடுங்கள். வெளிப்பக்கத் துளை வழியாக உடனே வழிய வேண்டும். தேங்கி நின்றால் துளை அடைந்திருக்கிறது. ஈர்க்குச்சியோ கெட்டியான நைலான் இழையோ போதும், ஆணி விட்டுக் குடைய வேண்டாம். ஐப்பசியில் பருவமழை பிடிப்பதற்கு முன், புரட்டாசியில் ஒருமுறை இதைச் செய்துவிட்டால் புதுக் கண்ணாடியின் ஆயுளில் பாதிக் கவலை தீர்ந்தது.

இனிப் பூட்டு. இங்கேதான் வீண்செலவு அதிகம் நடக்கிறது. ஹேண்டில் பாதியில் நின்றால் பூட்டு கெட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். படுக்கையறை ஜன்னல் கதவை அகலத் திறந்து, திறந்த நிலையிலேயே ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். அப்போது அது தடையில்லாமல் முழுசாகத் திரும்பினால் பூட்டில் குற்றமில்லை. கதவு இடம் மாறியிருக்கிறது. கதவின் ஓரத்தில் மேலும் கீழுமாக ஓடும் உலோகத் தண்டில் சிறு குமிழ்கள் இருக்கும். கதவை மூடி ஹேண்டிலைத் திருப்பும்போது அவை சட்டத்தில் திருகியிருக்கும் கொக்கிகளுக்குள் நுழைய வேண்டும். கதவு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கினாலே குமிழ் கொக்கியின் முனையில் முட்டி நிற்கும். நாம் பலம் கொடுத்துத் திருப்புவோம். ஒருநாள் உள்ளே பல்சக்கரம் உடையும். அதன் பிறகுதான் பூட்டு நிஜமாகவே கெடுகிறது.

கதவு ஏன் இறங்குகிறது? கண்ணாடியின் எடை ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் இரண்டரை கிலோ. ஐந்து மில்லிமீட்டர் தகடு இரண்டு என்றால் நாலுக்கு மூன்றடிக் கதவில் கண்ணாடி மட்டுமே 28 கிலோ. அந்த எடையைத் தாங்க, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையே பிளாஸ்டிக் துண்டுகளை வைத்து இறுக்குவார்கள். கீல் பக்கத்துக் கீழ்மூலையிலும், அதற்குக் குறுக்கே ஹேண்டில் பக்கத்து மேல்மூலையிலும் அந்தத் துண்டுகள் இறுக்கமாக இருந்தால் கண்ணாடியே குறுக்குச் சட்டம்போல் நின்று கதவைத் தொங்கவிடாமல் பிடிக்கும். பொருத்தியவர் அவசரத்தில் இதை விட்டிருந்தாலோ, துண்டு நழுவியிருந்தாலோ கதவு சாய்சதுரமாகிவிடும். டேப்பை எடுத்துக் கதவின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது. புதுக் கண்ணாடி வைக்கப்போகும் ஜன்னலும் இதுவே என்பதால், கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்திருக்கும் ஓரப்பட்டையான பீடிங்கைக் கழற்றும்போதே துண்டுகளைச் சரியான மூலைகளில் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். ஒரே வேலையில் கண்ணாடியும் சரியாகும், பூட்டும் சரியாகும். பீடிங்கைக் கழற்றுகையில் நீளமான பக்கத்தின் நடுவிலிருந்து பட்டித் தகட்டால் நெம்பித் தொடங்க வேண்டும். திரும்ப மாட்டும்போது குட்டையானவை முதலில், நீளமானவை கடைசியில். மாடி ஜன்னலானால் இந்த வேலையில் நீங்களாக இறங்காதீர்கள். 28 கிலோ கண்ணாடியை ஏணியில் நின்று ஒருவர் பிடிக்கக் கூடாது.

கதவு திறந்த நிலையிலும் ஹேண்டில் இறுகியே இருந்தால் தூள் காரணமாக இருக்கலாம். பிரஷ்ஷால் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, உலோகத் தண்டிலும் கீலின் நகரும் பகுதியிலும் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். கிரஷர் தூளோடு சேர்ந்து பிசினாகிவிடும். மண்ணெண்ணெயும் மிஷின் எண்ணெயும் ஓரத்து ரப்பர் மேல் படக் கூடாது, ரப்பர் உப்பிவிடும். ரப்பருக்குச் சிலிகான் ஸ்பிரே. சாவித்துளைக்கு எண்ணெயே கூடாது, கிராஃபைட் தூள்தான்.

பார்ட்ஸ் கிடைக்காது என்று சொன்னவர் முழுப் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் வாங்கும் கடையில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கழற்றிய பூட்டையே கையில் எடுத்துக்கொண்டு காஞ்சிபுரத்திலோ செங்கல்பட்டிலோ யூபிவிசி ஜன்னல் சாமான் விற்கும் இடத்தில் காட்டினால் கதை மாறும். தண்டின் நீளம், குமிழ்களின் இடைவெளி, ஹேண்டிலின் சதுரக் கம்பியின் அளவு, அந்தக் கம்பி நுழையும் துளை தகட்டின் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது – இவை ஒத்துப்போனால் வேறு கம்பெனிப் பூட்டும் பொருந்தும். கண்ணாடிக்கோ தட்டுப்பாடே இல்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து உங்கள் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரிலேயே செயின்ட் கோபைன் ஆலை கண்ணாடி வார்க்கிறது. அதை இரட்டையாக்கி அடைத்துத் தருபவர்கள் சென்னையைச் சுற்றி இருக்கிறார்கள். மொத்தக் கனம் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பீடிங் பொருந்தாது. டஃபன்டு எனப்படும் கடினப்படுத்திய கண்ணாடியைச் செய்த பிறகு வெட்ட முடியாது என்பதால் பீடிங்கைக் கழற்றி அளந்த பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும். அதற்கு முன் பழைய பில்லைத் தேடுங்கள். அடைப்புக்கு வாரன்டி மிச்சம் இருக்கலாம். கண்ணாடியில் துளை போட்டு ஈரத்தை உலர்த்தித் தருகிறோம் என்று யாராவது வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கறை கொஞ்சம் குறையும், விட்டுப்போன அடைப்பு அப்படியே இருக்கும். டஃபன்டு கண்ணாடியானால் துளை போட்ட நொடியில் நொறுங்கிவிடும்.

நம் ஊர் வெயிலுக்கு இரட்டைக் கண்ணாடியே தேவையா, ஒற்றையாக மாற்றிக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1865இல் நியூயார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஸ்டெட்சன் இரட்டைக் கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கியது குளிரை வெளியே நிறுத்துவதற்காக. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒற்றைக் கண்ணாடி, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்குச் சுமார் 5.7 வாட் வெப்பத்தைக் கடத்தும். சாதாரண இரட்டைக் கண்ணாடி சுமார் 2.8. வெளியே 40, ஏசி அறையில் 26 என்றால் 80 வாட் பாதியாகி 39 ஆகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாலை வெயில் நேராக விழும்போது சதுர மீட்டருக்கு 600 வாட் என்று வையுங்கள். ஒற்றைக் கண்ணாடி அதில் எண்பது சதவீதத்தையும், இரட்டைக் கண்ணாடி எழுபது சதவீதத்தையும் உள்ளே விடும். மொத்தத்தில் 560 வாட் வர வேண்டிய இடத்தில் 460 வருகிறது. மிச்சம் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வெளியே ஒரு மூங்கில் தட்டியோ மடக்குப் பந்தலோ அந்த வெயிலை விழாமல் செய்தால் மிச்சம் இதைப் போல் பல மடங்கு. அடைப்பின் ஆயுளும் கூடும். மாலை வெயில் தாழ்வாக வருவதால் மேற்குப் பக்கத்தில் சன்ஷேட் மட்டும் போதாது.

ஆனாலும் உங்கள் ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடிக்கு மாறச் சொல்லமாட்டேன். சட்டமும் பீடிங்கும் கனமான கண்ணாடிக்கு அளவெடுத்தவை. ஏசி அறை என்பதால் 80க்கும் 39க்கும் இடையில் மிச்சமாகும் அந்த 41 வாட்டும் வீணில்லை. லாரிச் சத்தமும் ஓரளவு அடங்கும். புதிதாகச் செய்யும்போது வெளித்தகடு மட்டும் வெயில் தடுக்கும் பூச்சுள்ளதாக, பூச்சு நடுஇடைவெளியைப் பார்த்திருக்கும்படி கேளுங்கள். சூரிய வெப்பத்தில் பாதிக்கு மேல் நிறுத்தும் வகைகள் உண்டு. பூத்துப்போன கண்ணாடியால் வெப்பம் தடுக்கும் திறன் அதிகம் குறைந்துவிடுவதில்லை என்பதால் அவசரமும் இல்லை. முதலில் துளை, அடுத்து தட்டி, பிறகு கண்ணாடி என்று கையில் காசு வருவதற்கேற்பச் செய்யலாம்.

முழு ஜன்னலையும் மாற்ற வேண்டிய நிலையும் உண்டு. மூலை இணைப்பில் விரிசல் விட்டிருந்தால், உள்ளே இரும்புச் சட்டம் வைக்காமல் செய்ததால் நடுவில் வளைந்திருந்தால், விரலால் தட்டினாலே ஓரம் பொடிந்தால், சட்டமே போய்விட்டது என்று பொருள். வெறும் மஞ்சள் பூத்த சட்டத்துக்கு அந்தத் தண்டனை வேண்டாம்.

ஹால் ஸ்லைடிங் ஜன்னலுக்குப் பெரும்பாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். கதவின் பக்கவாட்டில் கீழே சிறு துளை தெரியும். அதற்குள் இருக்கும் திருகு ரோலரை ஏற்றி இறக்கும். டிராக்கைச் சுத்தம் செய்த பிறகு இரண்டு பக்கமும் சம அளவு திருகி, லாக்கின் நாக்கு எதிர்த் துளைக்கு நேராக வரும்வரை கதவை உயர்த்துங்கள். ரோலர் தேய்ந்து தட்டையாகியிருந்தால் கதவைத் தூக்கிக் கழற்றி ரோலரை மட்டும் மாற்றலாம். ஆள் வரும்வரை இரவில் பயமாக இருந்தால், மூடிய கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே டிராக்கில் மிஞ்சும் நீளத்துக்கு ஒரு பிவிசி பைப் துண்டை வெட்டி உள்பக்கமாகக் கிடத்துங்கள். வெளியிலிருந்து யார் தள்ளினாலும் கதவு நகராது.