ஹைட்ரைடு: தொட்டியா, எந்திரமா?

அன்புள்ள கயல்விழிக்கு,

உலோகத்துக்குள் ஹைட்ரஜனை அடைத்து வைக்கலாம் என்று அரை நூற்றாண்டாகச் சொல்கிறார்களே, கடையில் வாங்கக்கூடிய ஒரு காராவது ஏன் அப்படி ஓடவில்லை என்று கேட்டிருந்தாய். நியாயமான சந்தேகம். ஆனால் 'முடியாததை முடியும் என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள்' என்று நீ எட்டிய முடிவு சரியில்லை. உலோக ஹைட்ரைடை வெறும் தொட்டியாக நினைத்தவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான் மிஞ்சியது. வெப்பத்தை வாங்கி அழுத்தத்தைத் தரும் எந்திரமாக அதைப் பார்த்தவர்கள் கடலடியிலும் விண்வெளியிலும் அதை வேலை செய்ய வைத்துவிட்டார்கள். கார் தோற்றதற்கும் இவை ஜெயித்ததற்கும் காரணம் ஒரே குணம் என்பதே என் வாதம்.

பல்லேடியம் தன் பருமனைப்போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை விழுங்குவதை 1866இல் தாமஸ் கிரஹாம் காட்டினார். பல்லேடியத்தின் விலையில் அதை வைத்து வேறென்ன செய்ய? விஷயம் ஆய்வகத்திலேயே கிடந்தது. 1960களின் இறுதியில் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரிலுள்ள பிலிப்ஸ் ஆய்வகத்தில், காந்தத்துக்கான சமேரியம்-கோபால்ட் கலவைகளை ஆராய்ந்தவர்கள் அவை ஹைட்ரஜனை இழுப்பதைக் கவனித்தார்கள். அந்த வழியில் போனபோது கிடைத்ததுதான் லாந்தனம் ஒரு பங்கும் நிக்கல் ஐந்து பங்கும் சேர்ந்த கலவை. ஹைட்ரஜன் மூலக்கூறு அதன் மேற்பரப்பில் இரண்டு அணுக்களாகப் பிரிந்து உள்ளே நுழைகிறது. உலோக அணுக்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. திரவ ஹைட்ரஜனில் இருப்பதைவிட நெருக்கமாக அங்கே அது அடைபடுகிறது, அதுவும் அறை வெப்பநிலையில். இனி உன் வீட்டுச் சமையல் கேஸ் சிலிண்டரை நினைத்துக்கொள். அதில் திரவம் மீதி இருக்கும்வரை, முக்கால் இருந்தாலும் கால் இருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். அதைத் தீர்மானிப்பது வெப்பநிலை. வேகமாகக் கேஸ் எடுத்தால் சிலிண்டர் குளிர்ந்து வெளியே வேர்க்கிறது. ஹைட்ரைடும் இப்படியே நடந்துகொள்கிறது. லாந்தனம்-நிக்கல் கலவையில் 25 டிகிரியில் சுமார் 2 பார் அழுத்தம்; 80 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 12 பார். இந்த ஒரு வரியில் சேமிப்பும் இருக்கிறது, கம்ப்ரஸரும் இருக்கிறது.

முதலில் காரின் கதை. ஹைட்ரஜன் உள்ளே போகும்போது வெப்பம் வெளியேறும். வெளியே வர அதே அளவு வெப்பத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும். இந்தக் கலவையில் கிலோ ஹைட்ரஜனுக்கு அது சுமார் 15 மெகாஜூல், மின்சாரக் கணக்கில் 4 யூனிட்டுக்கு மேல். அந்தக் கிலோ எரிந்து தரும் 120 மெகாஜூலில் எட்டில் ஒரு பங்கு. காருக்கு 5 கிலோ ஹைட்ரஜன் வேண்டும், பெட்ரோல் போடுவதுபோல் 5 நிமிடத்தில் நிரப்ப வேண்டும் என்று வைத்துக்கொள். அந்த 5 நிமிடமும் தொட்டியிலிருந்து 250 கிலோவாட் வெப்பத்தை இடைவிடாமல் வெளியேற்ற வேண்டும். ஒரு டன் ஏ.சி. அகற்றுவது 3.5 கிலோவாட், அப்படியானால் எழுபது ஏ.சி. எடையைப் பார்த்தால் இன்னும் மோசம்: கலவை தன் எடையில் 1.4 சதவீதம் ஹைட்ரஜனைத்தான் பிடிக்கும். 5 கிலோவுக்கு உலோகம் மட்டுமே 350 கிலோவைத் தாண்டுகிறது, அதைச் சுமக்கும் உறை தனி. முயலாமல் விடவில்லை. 1980களில் மேற்கு பெர்லினில் டைம்லர்-பென்ஸ் ஹைட்ரைடு தொட்டி வைத்த வண்டிகளை ஓட்டிப் பார்த்தது. டொயோட்டா 1996இல் காட்டிய தன் முதல் எரிபொருள் மின்கலக் காரில் அதைத்தான் வைத்தது. ஆனால் அதே நிறுவனம் 2014இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மிராய் காரில் இருப்பது 700 பார் தாங்கும் கார்பன் இழைத் தொட்டி. அந்த முடிவைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது அதே எடையைக் கடலுக்குள் கொண்டுபோவோம். நீர்மூழ்கி மூழ்கவே எடை வேண்டும். எப்படியும் சுமக்கும் எடையில் ஒரு பகுதி எரிபொருளையும் வைத்துக்கொள்ளட்டுமே என்று நினைப்பதில் என்ன குற்றம்? ஜெர்மனியின் 212ஏ வகை நீர்மூழ்கிகள் ஹைட்ரஜனை ஹைட்ரைடு உருளைகளில்தான் கொண்டுபோகின்றன. எரிபொருள் மின்கலம் மின்சாரத்தோடு வெப்பத்தையும் தருகிறது. அதைக் குளிர்விக்கும் சூடான நீரே உருளைகளைச் சூடாக்கி அடுத்த ஹைட்ரஜனை விடுவிக்கிறது. நிரப்புவது துறைமுகத்தில், அவசரமில்லாமல். காரில் இடைஞ்சலாக இருந்த எடை, வெப்பம், நேரம் மூன்றும் இங்கே தொல்லையே இல்லை. 2013இல் இந்த வகையைச் சேர்ந்த யு-32 தொடர்ந்து 18 நாள் மூழ்கியபடியே அட்லாண்டிக்கில் பயணம் செய்தது.

கம்ப்ரஸராக அதன் உச்சம் விண்வெளியில். பிரபஞ்சத்தின் மிகப் பழைய ஒளியை அளக்க 2009 மே மாதம் ஏவப்பட்ட பிளாங்க் விண்கலத்தின் கருவிகளை 20 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டியிருந்தது. சாதாரணக் கம்ப்ரஸரின் பிஸ்டன் அசைந்தால் அந்த அதிர்வே அளவீட்டைக் கெடுத்துவிடும். அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் செய்து தந்த கருவியில் பிஸ்டனே இல்லை. லாந்தனம்-நிக்கலில் சிறிது வெள்ளீயம் கலந்த பொடி அடைத்த ஆறு படுகைகள். ஒன்றைச் சூடாக்கினால் அது 50 பார் அளவில் ஹைட்ரஜனைத் தள்ளும். அதே நேரம் குளிர்ந்த படுகைகள் ஒரு பாருக்கும் குறைந்த அழுத்தத்தில் திரும்பி வரும் வாயுவை விழுங்கும். பிறகு முறை மாறும். அசைபவை ஒருவழி வால்வுகள் மட்டுமே. உயர் அழுத்த ஹைட்ரஜன் சிறு துளை வழியே விரிந்து திரவமாகிக் குளிரைத் தந்தது. கிடைத்த குளிர்விப்பு சுமார் 1 வாட், அதற்குச் செலவான மின்சாரம் சில நூறு வாட். எண்ணை மட்டும் பார்த்தால் அபத்தம். அதிர்வில்லாமல் 20 கெல்வினில் 1 வாட் வேறெங்கே கிடைக்கும் என்று கேட்டால் மலிவு.

அந்த வெள்ளீயம் ஏன் என்று நீ கேட்பாய். கண்டுபிடிப்பாளர்களின் உழைப்பில் பெரும்பகுதி கலவையின் பெயரில் தெரிவதில்லை, இப்படிச் சின்னச் சின்ன இடங்களில் ஒளிந்திருக்கிறது. சூடாக்கிக் குளிர்வித்து ஆயிரக்கணக்கான முறை சுழற்றினால் சுத்தமான லாந்தனம்-நிக்கல் மெல்ல உடைந்து வேறு பொருள்களாகப் பிரிந்து கொள்ளளவை இழக்கிறது. கொஞ்சம் வெள்ளீயம் அதைத் தாங்க வைக்கிறது. அடுத்த தொல்லை பொடி. ஹைட்ரஜன் நுழைந்தால் கலவையின் பருமன் ஏறக்குறைய கால் பங்கு ஊதுகிறது, வெளியேறினால் சுருங்குகிறது. கட்டியாகப் போட்ட உலோகம் சில சுழற்சிகளிலேயே விரிசல் விட்டு மைக்ரான் அளவுப் பொடியாகிவிடும். பொடி கீழே இறங்கிக் கெட்டிப்படும். மறுமுறை ஊதும்போது உருளையின் அடிப்பாகத்தைப் பிதுக்கும். இன்னொன்று, திட உலோகத்தில் நன்றாகப் பாயும் வெப்பம் தளர்ந்த பொடியில் பாயாது. ஆகவே உள்ளே தடுப்புகள், செம்புத் துடுப்புகள், அலுமினிய நுரை, விரிந்த கிராஃபைட், நடுவே ஓடும் நீர்க் குழாய்கள். இந்தத் துறையின் காப்புரிமைகளைப் புரட்டினால் பல இந்தப் பொடிக்குள் வெப்பத்தை எப்படி அனுப்புவது என்பதைப் பற்றித்தான் இருக்கும்.

ஹைட்ரைடைக் கம்ப்ரஸராக்குவதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 25 டிகிரிக்கும் 80 டிகிரிக்கும் இடையே ஓடும் எந்த வெப்ப எந்திரமும் வாங்கிய வெப்பத்தில் 16 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்ற முடியாது. உறையையும் பொடியையும் சேர்த்துச் சூடாக்க வேண்டியிருப்பதால் நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே நல்லது. மோட்டார் கம்ப்ரஸர் இதைவிடச் சிக்கனம் இல்லையா? மின்சாரத்தால் வெப்பம் உண்டாக்கி ஹைட்ரைடை ஓட்டினால் நிச்சயமாக ஆம். அப்படிச் செய்ய வேண்டியது விண்கலத்தில் மட்டும்தான். நிலத்தில் 80 டிகிரித் தண்ணீரை வெளியே கொட்டும் ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் தரும் எலெக்ட்ரோலைசரே தான் வாங்கும் மின்சாரத்தில் ஒரு பகுதியை வெப்பமாக இழக்கிறது. வீணாகும் அந்த வெப்பத்துக்கு விலை கிடையாது. அங்கே 16 சதவீதம் என்ற எண் ஒருவரையும் பயமுறுத்தாது. ஹைட்ரஜன் நிலையங்களில் அடிக்கடி பழுதாகும் பாகங்களில் மோட்டார் கம்ப்ரஸரும் ஒன்று என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்: அதன் சீலும் டயாஃப்ரமும் தேய்கின்றன. ஆனால் மணிக்குப் பல நூறு கிலோ வாயுவை நகர்த்த வேண்டிய இடத்தில் ஹைட்ரைடைச் சிபாரிசு செய்ய நான் துணிய மாட்டேன். அத்தனை டன் உலோகத்துக்கு வெப்பம் ஏற்றி இறக்கவே நேரம் போய்விடும். சிறிய ஓட்டம், இலவச வெப்பம், சத்தமில்லாத வேலை: அதுதான் அதன் இடம். சென்னை ஐ.ஐ.டி.யின் இயந்திரவியல் துறையிலும் ஹைட்ரைடு கம்ப்ரஸர்களைச் செய்து சோதித்திருக்கிறார்கள். நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதே.

விபத்து பற்றியும் கேட்டிருந்தாய். உருளை கசிந்தால் வாயு வெளியேறும்போதே உலோகம் குளிர்ந்து, அழுத்தம் விழுந்து, கசிவு தானாகவே மந்தமாகும். ஆனால் சில கலவைகளின் நுண்பொடி காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் என்பதால் ஆபத்தே இல்லை என்று எழுத என் கை வராது.

உனக்கு ஒரு கணக்கு. மெக்னீசியம் தன் எடையில் 7.6 சதவீதம் ஹைட்ரஜனைப் பிடிக்கிறது, விலையும் குறைவு. பிறகு ஏன் எல்லோரும் அதற்குத் தாவவில்லை? அதிலிருந்து ஒரு மோல் ஹைட்ரஜனை விடுவிக்கச் சுமார் 75 கிலோஜூல் வேண்டும். 1 பார் அழுத்தம் கிடைக்கவே 280 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். நீர்மூழ்கியில் பார்த்த மின்கலத்தின் வெந்நீர் அதை அசைக்கக்கூட முடியாது. 700 டிகிரிக்கு மேல் ஓடும் திட ஆக்சைடு எரிபொருள் மின்கலத்தின் வெளியேற்ற வாயு அசைக்கும். அப்படி இரண்டையும் இணைத்தால், ஒரு கிலோ ஹைட்ரஜனின் 120 மெகாஜூலில் எத்தனை அந்த விடுவிப்புக்கே போகிறது, மின்கலத்தின் வீண் வெப்பம் அதற்குப் போதுமா என்று போட்டுப் பார்த்து எழுது.

அன்புடன்,
பெரியப்பா