புல்தரையின் களைக்கணக்கு: மழைக்கு முன் கற்க வேண்டிய பாடம்

வடாலாவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் நம் வாடிக்கையாளர்களுக்கு இக்காட்சி பழக்கமானதே. மே மாதத்தில் சொசைட்டியின் புல்தரை பழுப்பேறிக் கிடக்கும். ஜூனில் மழை இறங்கியதும் சில நாள்களில் பச்சை போர்த்திக்கொள்ளும். கண்டவர் மகிழ்வர். ஆகஸ்டில் அருகே சென்று குனிந்து நோக்கினால், அப்பச்சையில் பாதி நாம் நட்ட புல் அன்று என்பது விளங்கும். கோரையும் தொட்டாற்சுருங்கியும் இடம்பிடித்திருக்கும். செயற்குழுக் கூட்டத்தில் பேச்சு எழும். மருந்து தெளிக்கத் தொகை ஒதுக்கப்படும். மறு ஆண்டும் அதே களை வரும். அதே செலவும் வரும்.

இச்சிக்கலைத் தம் அன்றாடத் தொழிலாகவே எதிர்கொள்வோர் உளர். அவர்கள் கோல்ஃப் திடல்களின் புல்தரைப் பராமரிப்பாளர்கள். அத்தகைய திடலைக் காண வடாலாவாசிகள் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2014 பிப்ரவரியில் திறக்கப்பட்ட மோனோ ரயில் பாதை வடாலாவோடு இணைத்த செம்பூரில், பம்பாய் பிரசிடென்சி கோல்ஃப் கிளப்பின் 18 குழித் திடல் உள்ளது. 1918இல் நிறுவப்பட்ட வில்லிங்டன் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் திடல் தார்தேவ் பகுதியில் உள்ளது. நம் நாட்டுக்கு இவ்விளையாட்டு புதிதும் அன்று. கொல்கத்தாவின் கோல்ஃப் கிளப் 1829இல் தோன்றியது.

கோல்ஃப் ஆடாத நமக்கு இத்தொழிலிலிருந்து கற்க என்ன உண்டு? களைக்கட்டுப்பாடு என்பது களை தோன்றிய பின் தொடங்கும் வேலை அன்று என்பதே முதற்பாடம். அடர்ந்த புல்லே முதல் காவல். காலம் அறிதல் இரண்டாம் காவல். மருந்து அவற்றின் பின்னரே வரும். இவ்வரிசை தலைகீழானால் பணமும் மண்ணும் வீணாகும். தெளிப்பவரின் உடல்நலமும் கெடும்.

களை என்பது யாது?

நெல்வயலில் அறுகு களை. உழவர் அதனை வேரோடு களைந்து வரப்பில் எறிவர். மாட்டுங்கா சந்தையில் அதே அறுகு பிள்ளையாருக்கென்று கட்டுக்கட்டாக விற்கப்படுகிறது. கோல்ஃப் திடலிலோ அறுகே பயிர். ஆகவே களை என்பது ஒரு செடியின் பெயர் அன்று. நாம் வேண்டாத இடத்தில் வளரும் எச்செடியும் களையே.

பந்து உருளும் குழியைச் சுற்றியுள்ள 'கிரீன்' என்னும் பரப்பில் பெரும்பாலும் கலப்பின அறுகு வளர்க்கப்படுகிறது. நம் அறுகையும் ஆப்பிரிக்க அறுகு ஒன்றையும் கலந்து, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் நகரில் உருவாக்கப்பட்ட வகைகள் இவற்றுள் புகழ்பெற்றவை. இக்கலப்பினங்கள் முளைக்கும் விதை தருவதில்லை. தண்டுத் துண்டுகளை நட்டே பெருக்கப்படுகின்றன. எனவே அப்பரப்பில் விதையிலிருந்து முளைத்த எதுவும் அயல்செடி என்று பராமரிப்பாளர் உடனே அறிவார். நம் புல்தரையில் இவ்வசதி இல்லை. ஆதலால் நமக்குக் கண்பயிற்சி வேண்டும்.

களை சொல்லும் செய்தி

தேர்ந்த பராமரிப்பாளர் களையைக் கண்டவுடன் தெளிப்பானைத் தேடுவதில்லை. இக்களை இவ்விடத்தில் ஏன் வந்தது என்றே முதலில் வினவுகிறார்.

கேழ்வரகின் காட்டு உறவான எல்யூசைன் இண்டிகா என்னும் புல், அடிப்பகுதி வெளுத்துத் தட்டையாக, சக்கரத்தின் ஆரங்கள் போலத் தரையோடு படர்ந்திருக்கும். அது மிதிபட்டு இறுகிய மண்ணின் அடையாளம். குழந்தைகள் குறுக்கே ஓடும் தடத்திலும், வாசலருகேயும் அது மிகுந்து காணப்படுவது அதனாலேயே. மண்ணைத் துளையிட்டு இளக்காமல் அதனை மட்டும் அகற்றினால் அது திரும்பவும் வரும்.

தொட்டாற்சுருங்கியும் சிறுபுள்ளடியும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சுகளின் துணையால் ஈட்டிக்கொள்ளும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. புல்லுக்கு அவ்வாற்றல் இல்லை. எனவே தழைச்சத்து குறைந்த தரையில் புல் மெலிய, இவை செழிக்கின்றன. இங்கே உரமே முதல் மருந்து.

கோரை மிகுந்தால் நீர் தேங்குகிறது, அல்லது அளவுக்கு மீறிப் பாய்ச்சப்படுகிறது என்று ஐயுற வேண்டும். வடிகாலைச் சீர்செய்யாமல் கோரையை வென்றவர் அரியர்.

கோரையின் கணக்கு

1977இல் வெளிவந்த உலகக் கொடுங்களைகள் பற்றிய ஆய்வுநூல் கோரைக்கே முதலிடம் அளித்தது. மராத்தி பேசும் மாலிகள் இதனை 'லவ்ஹாளா' என்பர். அறுகை 'ஹரளி' என்பர். வடாலாவில் மாலியுடன் உரையாட இவ்விரு சொற்கள் போதும்.

கோரையை இனங்காண்பது எளிது. பூத்தண்டை இரு விரல்களுக்கிடையே உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். புல்லின் தண்டு அவ்வாறு இராது. மண்ணுக்குள் மெல்லிய வேர்த்தண்டுகளில் கிழங்குகள் சங்கிலிபோல் தொடர்ந்திருக்கும். சங்கிலி அறாதவரை நுனிக்கிழங்கு முளைத்து, மற்றவை உறங்கும். நாம் மண்வெட்டியால் கொத்திச் சங்கிலியை அறுத்தால், உறங்கிய ஒவ்வொரு கிழங்கும் விழித்துத் தனிச்செடியாகும். ஒன்றை வெட்டிப் பலவாக்குகிறோம். வட்டிக்கு வட்டி ஏறும் கடன் போன்றது இது. தொடக்கத்தில் தீர்ப்பது மலிவு. ஒரு மழைக்காலம் தள்ளிப்போட்டால் பெருஞ்சுமை.

கொத்துவது முற்றிலும் பயனற்றதா? அன்று, காலத்தைப் பொறுத்தது. ஈர மண்ணில் கொத்தினால் கோரை பெருகும். ஏப்ரல், மே மாதங்களின் கடும் வெயிலில் தரையை ஆழமாகப் புரட்டிக் கிழங்குகளை வெளியே காயவிட்டால், இரண்டு வார அளவில் அவற்றுள் பல நீரிழந்து மடியும். புதிதாகப் புல்தரை அமைக்க விரும்பும் சொசைட்டிக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

கத்தியும் நீரும்

கோல்ஃப் திடலின் 'கிரீன்' 3 முதல் 4 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய நாள்தோறும் வெட்டப்படுகிறது. அந்த அளவை நாம் பின்பற்றலாகாது. அது சிறப்பினப் புல்லுக்கும் நாளெல்லாம் உழைக்கும் பணியாளர்களுக்கும் உரியது. குடியிருப்பின் அறுகுத் தரைக்கு 3 சென்டிமீட்டர் உயரம் தக்கது. ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அகற்றலாகாது என்பது பொதுவிதி. எனவே புல் 4.5 சென்டிமீட்டரை எட்டும்போது வெட்ட வேண்டும். மாதம் ஒருமுறை மொட்டையடிப்பது போல் வெட்டினால் புல் சோரும். மண்ணில் வெயில் படும். காத்திருந்த களைவிதை முளைக்கும். சிக்கனம் என்று கருதிச் செய்யும் இச்செயலே களைக்குக் கதவு திறக்கிறது.

நீரும் அவ்வாறே. நாள்தோறும் சிறிது தெளித்தால் மேல்மண் மட்டும் நனைந்து, புல்லின் வேர் மேலேயே நின்றுவிடும். இடைவெளி விட்டு ஆழ நனைத்தால் வேர் கீழிறங்கும்.

களையைக் கருக்கச் சிலர் சமையல் உப்பைக் கொட்டுவதுண்டு. அது களையோடு மண்ணையும் கெடுக்கும். உப்பளங்களும் உவர்ச்சேறும் இருந்த வடாலாவில், உப்பை மேலும் சேர்ப்பது அறிவுடைமை ஆகாது.

மருந்து: எதற்கு, எப்போது, எவ்வளவு?

களைக்கொல்லிகளை இருவகையாகப் பிரிக்கலாம். பெண்டிமெத்தலின் போன்றவை முளைக்கும் முன் தெளிக்க வேண்டியவை. விதை முளைவிடும் தருணத்தில் அதனைத் தடுப்பவை. வளர்ந்து நிற்கும் செடியின் மேல் இவற்றைத் தெளிப்பது வீண். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆண்டுக்களைகளின் விதைகள் முதல் மழையிலேயே எழுகின்றன. ஆகவே இவ்வகை மருந்துக்கு உரிய காலம் மழைக்குச் சற்று முன்பே.

மற்றவை முளைத்தபின் தெளிப்பவை. 2,4-டி அகன்ற இலைக் களைகளை அழித்துப் புல்லை விட்டுவைக்கும். ஆயின் காற்றில் பரவினால் பால்கனித் தொட்டியிலுள்ள தக்காளியும் அவரையும் சுருண்டுவிடும். ஹாலோசல்ஃபியூரான் கோரையின் இலை வழியே இறங்கிக் கிழங்கை எட்டும். பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். 'மருந்து வேலை செய்யவில்லை' என்று ஐந்தாம் நாளே மீண்டும் தெளிப்பது பெரும் பிழை.

அளவறிதலுக்கு ஒரு பயிற்சி. கைத்தெளிப்பானில் வெறும் நீரை நிரப்பி, 100 சதுர மீட்டர் பரப்பில் இயல்பான நடையில் தெளியுங்கள். 4 லிட்டர் செலவாயிற்று என்று கொள்வோம். அப்படியாயின் 16 லிட்டர் கொள்ளும் தெளிப்பான் 400 சதுர மீட்டருக்குப் போதும். லேபிளில் எக்டேருக்கு 90 கிராம் என்று இருந்தால், 10,000 சதுர மீட்டருக்கு 90 கிராம். எனவே 400 சதுர மீட்டருக்கு 3.6 கிராம். கண்மதிப்பாக ஒரு பிடி அள்ளிப் போடுபவர் இதனைப் போல் பல மடங்கு கலந்துவிடுகிறார். நகைக்கடைத் தராசு போன்ற ஒரு சிறு மின்தராசு இப்பிழையைத் தவிர்க்கும்.

நம் சந்தையில் கிடைக்கும் களைக்கொல்லிகளின் லேபிள்கள் பெரும்பாலும் நெல், கோதுமை, கரும்பு போன்ற பயிர்களுக்கே எழுதப்பட்டவை. நம் புல்லுக்கு அது ஏற்றதா என்று வேளாண் அலுவலரிடம் கேட்டறிந்த பின்னரே வாங்க வேண்டும். முதலில் ஒரு மூலையில் தெளித்துப் பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய செய்திகள்

ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்தால், அதற்கு மடியாத சில செடிகள் மட்டும் எஞ்சி விதை பரப்பும். நாளடைவில் அவையே களமெங்கும் நிறையும். 1990களின் தொடக்கத்தில் ஹரியானாவின் கோதுமை வயல்களில் 'குல்லி தண்டா' எனப்படும் ஃபேலரிஸ் மைனர் புல், ஐசோபுரோட்யூரான் மருந்துக்கு அடங்காததாயிற்று. மேலே கூறிய கேழ்வரகின் உறவுப்புல், 1997இல் மலேசியாவில் கிளைபோசேட்டுக்கு அடங்காததாகக் கண்டறியப்பட்டது. கோல்ஃப் திடல்களின் இன்றைய கவலைகளுள் இதுவும் ஒன்று. விற்பனைப் பெயரை மாற்றினால் போதாது. வேறு முறையில் செயல்படும் மருந்தாக மாற்ற வேண்டும். கையால் களைதலும் இடையே வேண்டும்.

இரண்டாவது செய்தி சட்டம் பற்றியது. கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாகவே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. எந்தப் பச்சையையும் அழிக்கும் இம்மருந்தைக் கடையில் வாங்கி மாலியிடம் கொடுத்துவிடும் பழக்கத்தைச் சொசைட்டிகள் கைவிட வேண்டும்.

மூன்றாவது, நீர்நிலை பற்றியது. வடாலாவுக்கு அடுத்த சிவ்ரியின் சேற்றுப்பரப்பில் பூநாரைகள் இறங்குகின்றன. அக்கரையோரத்தின் தாணே கழிமுகம் 2022இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. பெருமழைக்கு முந்தைய மாலையில் தெளித்த மருந்து தரையில் தங்காது. மழைநீர் வடிகால் வழியே கடலை நோக்கிச் செல்லும்.

நான்காவது, யாவற்றினும் முதன்மையானது: தெளிக்கும் மனிதர். மருந்து டப்பாவில் உள்ள சாய்சதுரத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பின் நீலம், பச்சை ஒப்பளவில் குறைந்த நஞ்சு. பச்சை என்பதற்குத் தீங்கற்றது என்று பொருள் அன்று. கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை, மூடிய காலணி ஆகியவற்றைத் தருவது வேலை கொடுப்பவரின் கடமை. தெளித்த தரை உலரும்வரை குழந்தைகளை விடலாகாது. காலி டப்பாவை மும்முறை அலசித் துளையிட்டுவிட வேண்டும். அதில் தண்ணீர் பிடிக்க எவருக்கும் கொடுக்கலாகாது.

ஓர் ஆண்டின் வேலைத்திட்டம்

ஏப்ரல், மே: இறுகிய தடங்களைத் துளையிடுதல், வடிகால் சீரமைத்தல், வெற்றிடங்களில் கோரைக்கிழங்கை வெயிலில் காயவிடுதல், தேவையாயின் மழைக்குச் சற்று முன் முளைதடுப்பு மருந்து.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: தவறாத வெட்டு, வாரம் ஒருமுறை கையால் களைதல், அதுவும் பூக்கும் முன்பே, மழை ஓய்ந்த இடைவெளிகளில் சிறிது தழையுரம்.

அக்டோபர், நவம்பர்: வெற்றிடங்களில் அறுகுத் துண்டுகளை நட்டு அடைத்தல்.

டிசம்பர் முதல் மார்ச் வரை: ஆழ்ந்த நீர்ப்பாய்ச்சல், கருவிகளின் பழுதுநீக்கம், அடுத்த ஆண்டுக்கான செலவுத்திட்டம்.

பராமரிப்பு ஒப்பந்தம் எடுக்கும் சிறுதொழில் முனைவோருக்கும் இத்திட்டம் பயன்படும். 'ஆண்டுக்கு இத்தனை முறை மருந்து' என்று ஒப்பந்தம் எழுதினால், களை மிகுவதே வருவாய் ஆகிவிடும். 'ஒரு சதுர மீட்டரில் இத்தனை களைக்கு மேல் இராது' என்று எழுதினால், புல்லைப் பேணுவதே வருவாயாகும். ஒரு மீட்டர் பக்கமுள்ள மரச்சட்டத்தைப் பத்து இடங்களில் வைத்து, உள்ளே இருக்கும் களைகளை எண்ணி, மாதந்தோறும் குறிப்பேட்டில் பதியுங்கள். எண்ணிக்கை இறங்குகிறதா, ஏறுகிறதா என்பதை அக்குறிப்பேடே காட்டும்.

இவ்வாண்டு மழைக்கு இன்னும் நாள் இருக்குமாயின், இன்று மாலையே புல்தரைக்குச் சென்று முதல் எண்ணிக்கையை எழுதிவிடுங்கள். மாலியையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். எந்த மூலையில் எந்தக் களை முதலில் தலைகாட்டும் என்பதை அவர் நம்மினும் நன்கு அறிவார்.