தாத்தா ஏறிய துறை, பாட்டி இறங்கிய துறை

கேள்வி: தாத்தா தனுஷ்கோடியில் கப்பலேறி இலங்கைத் தோட்டத்துக்குப் போனாராம். திரும்பும்போது ராமேஸ்வரத்தில் இறங்கினோம் என்கிறார் பாட்டி. எது சரி?
- வாசகர், கோத்தகிரி

பதில்: இரண்டும் சரிதான். 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின், எழும்பூரில் ஏறியவர் ரயிலிலேயே தனுஷ்கோடித் துறை வரை போகலாம். அங்கே கப்பல் மாறித் தலைமன்னார். மறுபடி ரயிலேறினால் கொழும்பு. அதுதான் 'போட் மெயில்'.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் அந்தத் துறையையும் ரயில் நிலையத்தையும் அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் வாரிக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அங்கே ரயில் ஓடவே இல்லை.

புயலுக்கு இரண்டு மாதம் முன்புதான், அக்டோபர் 30-ல், இலங்கைத் தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பும் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி தாயகம் திரும்பியவர்களுக்குத் தனுஷ்கோடி இல்லை; தலைமன்னார்க் கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான் வந்தது. அவர்களுக்கு வேலை தருவதற்காக நீலகிரியில் 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களே இன்றைய டான்டீ.

தனுஷ்கோடியில் இடிந்த சுவர்கள் மட்டும் நிற்கின்றன. பாட்டி வந்த கதையை அவர் வாயாலேயே கேட்டு, இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.