கடையிலிருந்து நேரடி ஒளிபரப்பு: இணைப்பது எப்படி?

புதுச் சரக்கு இறங்கியதும் கேமரா முன் காட்டி, அங்கேயே ஆர்டர் பிடிக்கும் பழக்கம் நம்மிடையே பரவி வருகிறது. கைப்பேசியே போதாதா என்று கேட்பீர்கள். யூடியூப்பில் கைப்பேசி மூலம் நேரலை செய்ய, சேனலுக்குக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். கணிப்பொறியில் மென்பொருள் வழியாக அனுப்பினால் இந்த நிபந்தனை இல்லை. விலைப்பட்டியலையும் திரையோரத்தில் காட்டலாம்.

இதற்குப் பலரும் பயன்படுத்துவது ஓ.பி.எஸ். ஸ்டூடியோ. 2012இல் தொடங்கியது, முற்றிலும் இலவசம். யாராவது விலை சொன்னால் வாங்கி ஏமாற வேண்டாம்.

லாரியில் சரக்கு அனுப்புவதைப் போலத்தான் இதுவும். மென்பொருள் படத்தையும் ஒலியையும் சுருக்கி மூட்டை கட்டுகிறது. கொண்டு போகும் வண்டி, ஆர்.டி.எம்.பி. என்னும் முறை. மேக்ரோமீடியா நிறுவனம் ஃபிளாஷுக்காக உருவாக்கியது இது. ஃபிளாஷ் பிளேயர் 2020 கடைசியில் நின்றுபோனது. வண்டி மட்டும் இன்னும் ஓடுகிறது! போய்ச் சேர வேண்டிய இடம், சர்வர் முகவரி. யார் கணக்கில் இறக்குவது என்பதைச் சொல்வது ஸ்ட்ரீம் கீ.

யூடியூப் ஸ்டூடியோவின் நேரலைப் பக்கத்தில் அந்தக் கீயை நகலெடுங்கள். ஓ.பி.எஸ். செட்டிங்ஸில் 'ஸ்ட்ரீம்' பகுதியில் யூடியூப்பைத் தேர்ந்தெடுத்து அதை ஒட்டுங்கள். இணைப்பு முடிந்தது. 2021 முதல் கீ இல்லாமல் கணக்கை நேரடியாக இணைக்கும் வசதியும் உண்டு.

இந்தக் கீ, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை மாதிரி. அது கையில் இருக்கும் எவரும் உங்கள் கடைப் பெயரில் எதை வேண்டுமானாலும் ஒளிபரப்பலாம். அமைத்துக் கொடுக்க வரும் பையனின் வாட்ஸ்அப்பில் அதை விட்டு வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் 'ரீசெட்' செய்தால் பழைய கீ செல்லாது.

முதல் முறை நேரலையை இயக்க, தொலைபேசி எண்ணைச் சரிபார்த்த பிறகு 24 மணி நேரம் வரை காத்திருக்க நேரலாம். இது தெரியாமல் நான் தீபாவளிக்கு முந்தின நாள் காலையில்தான் கணக்கைத் திறந்தேன். பத்து மணிக்கு நேரலை என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. பலகாரச் சாமான் அத்தனையும் மேசையில் அடுக்கியபடி இருக்க, அன்று முழுவதும் போனில் சமாதானம் சொன்னதுதான் மிச்சம். தவறு என்னுடையதே.

இணைய வேகத்தில் கவனிக்க வேண்டியது பதிவிறக்கம் அல்ல, பதிவேற்றம். 720பி தரத்துக்கு 4,000 கேபிபிஎஸ் வைத்தால், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.8 ஜிபி செலவாகும். தினம் 1.5 ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தை நம்பி இறங்கினால் பாதியில் நிற்கும். பதிவேற்ற வேகம் இதைப்போல் இரு மடங்கு இருப்பது நல்லது. வைஃபையை விட ஒயர் இணைப்பு மேல். 'கீஃப்ரேம்' இடைவெளியை 2 விநாடி என்று வையுங்கள்.

நீங்கள் பேசுவது பார்ப்பவர்களுக்குப் பல விநாடிகள் கழித்தே போய்ச் சேரும். "கடைசிப் பத்து டின்" என்று அறிவித்த உடனே அடுத்த சரக்குக்குத் தாவினால், எந்தச் சரக்குக்கு வந்த ஆர்டர் என்று குழம்பும். சரக்குக்கு ஓர் எண் கொடுத்து, எண்ணோடு ஆர்டர் அனுப்பச் சொல்லுங்கள். தாமதத்தைக் குறைக்கும் வசதி யூடியூப்பிலேயே இருக்கிறது.

கடையில் பாடும் சினிமாப் பாட்டை மட்டும் நிறுத்திவிடுங்கள். பதிப்புரிமை உள்ள பாட்டு என்று கண்டுபிடிக்கப்பட்டால், வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில் ஒளிபரப்பே தடைபடலாம்.